ஒரே வகைப் பாம்பு, ஜாடி ஜாடியாக எதற்கு?

ஹாரோவாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. விலங்கியல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள். ஒரு வாரமாக வீட்டில் விசாரணை நடக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நான்.

போன சனிக்கிழமை மகளை (பத்து வயது) லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். டைனோசரை நாலு தடவை பார்த்தாயிற்று. அதனால் இந்த முறை டார்வின் சென்டர் கட்டடத்தில், சாராயத்தில் ஊறவைத்திருக்கும் உயிரினங்களைக் காட்டும் சுற்றுக்கு டிக்கெட் எடுத்தோம். 27 கிலோமீட்டர் நீளத்துக்கு அலமாரிகள், 2 கோடியே 20 லட்சம் உருப்படிகள் என்று கூட்டிப்போன பெண்மணி சொன்னார். உள்ளே நல்ல குளிர். என்னிடம் கழற்றிக் கொடுத்திருந்த ஸ்வெட்டரை மகள் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டாள். 8.62 மீட்டர் ராட்சதக் கணவாய் ஒன்று கண்ணாடித் தொட்டியில் நீட்டிப் படுத்திருக்கிறது. ஆர்ச்சி என்று செல்லப் பெயர். அதுவரை எல்லாம் சந்தோஷம்தான்.

அப்புறம் ஒரு ஜாடி. எங்கள் பாட்டி ஆவக்காய் போட்டு வைக்கும் அளவு. உள்ளே பத்துப் பன்னிரண்டு சின்னப் பாம்புகள், ஒவ்வொன்றின் உடம்பிலும் நூலில் கட்டிய சீட்டு. பக்கத்து ஜாடியிலும் அதே போல. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மங்கல் பழுப்பு.

ரயிலில் திரும்பும்போது மகள் கேட்டாள்: "இத்தனை பாம்பை யார் சாகடிச்சது? ஒண்ணு போதாதா?" எனக்குப் பதில் வரவில்லை. இப்போதுதான் ஆளுக்கொரு கேமரா இருக்கிறதே, போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடக் கூடாதா? இன்னமும் பிடித்துக் கொன்று ஜாடியில் போடுகிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதிலை அப்படியே மகளிடம் வாசித்துக் காட்டப்போகிறேன், அதற்கேற்ப எழுதுங்கள்.

மண்புழுதின்னி எழுதியது:

ஹாரோவாசி, உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. என் ஆராய்ச்சிக் காலத்தில் என் அம்மாவும் இதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் கடுமையான சொற்களில்.

நான் அந்த அருங்காட்சியகத்தின் ஊர்வன பகுதியில் பதினோரு நாள் உட்கார்ந்து பாம்புச் செதில் எண்ணியவன். என் பாம்புகள் கேடயவால் பாம்புகள். பென்சில் தடிமனில் இருந்து கட்டைவிரல் தடிமன் வரை இருக்கும், மண்ணுக்குள் வாழும், மண்புழு தின்னும் (என் புனைபெயரின் ரகசியம் இதுதான்). வால் நுனி கத்தியால் சீவிவிட்டது போல இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அப்படிப்பட்ட பாம்பைப் பார்க்க நான் ஏன் லண்டனுக்குப் போனேன்? ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்பவரால்.

பெடோம் சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக 1882 வரை இருந்தவர். ஆனைமலை, நீலகிரி, திருநெல்வேலி மலைகள் என்று சுற்றாத காடில்லை. அடிப்படையில் செடி கொடி ஆள். ஆனால் காலடியில் ஊர்ந்தது எதையும் விடவில்லை. அவர் பெயர் வைத்த கேடயவால் பாம்புகள் ஏராளம். அவர் பெயரையே சுமக்கும் தேரை கூட ஒன்று இருக்கிறது. அவர் சேர்த்ததில் பெரும் பகுதி லண்டனில்தான் இருக்கிறது. ஒரு இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது கையில் இருந்த உடலை 'டைப்' என்பார்கள். பின்னால் என்ன தகராறு வந்தாலும் அந்த உடல்தான் மூலப்பத்திரம். நிலத்துக்கு எத்தனை ஜெராக்ஸ் இருந்தாலும் கடைசியில் மூலப்பத்திரத்தைக் கொண்டுவா என்பார்கள் அல்லவா, அது போல.

சரி, ஒன்று போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு பாம்பைப் பார்ப்பது எப்படி என்று சொன்னால் பதில் தானாக வரும்.

ஜாடியில் இருந்து இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில், ஈரமான டிஷ்யூ மேல் வைப்பார்கள். காய விடக் கூடாது, காய்ந்தால் சுருங்கிவிடும். நூற்றைம்பது வருடம் சாராயத்தில் கிடந்த பாம்பு, எப்படிச் சுருட்டி வைத்தார்களோ அப்படியே விறைத்திருக்கும், ஜிலேபி மாதிரி. நிமிர்த்த முயன்றால் ஒடியும். அதனால் நாம்தான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நுண்நோக்கியின் கீழ், கழுத்தடியில் இருந்து கழிவுத்துளை வரைக்கும் வயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாக ஊசி முனையால் தொட்டு எண்ணுவேன். முதல் பாம்புக்கு 151 வந்தது. மறுபடி எண்ணினால் 149. மூன்றாவது தடவை 151. அதற்கே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அன்று சாயங்காலம் கண்ணை மூடினால் செதில் செதிலாகத் தெரிந்தது.

இப்போது அடுத்த மலையில் இருந்து வந்த ஒன்றை எண்ணுகிறேன், 163. இது வேறு இனமா, அல்லது அண்ணன் தம்பிக்குள் உயரம் மாறுவது போலவா? ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. இந்த மலையில் இருந்து பத்து, அந்த மலையில் இருந்து பத்து இருந்தால்தான் எவ்வளவு மாறும், எங்கே நிற்கும் என்று தெரியும். அதிலும் ஆண் பெண் வித்தியாசம் உண்டு. ஆணுக்கு வால் நீளம், வாலடிச் செதில் அதிகம். குட்டிக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம். உங்களுக்கு ஒரே பாம்பாகத் தெரிந்த ஜாடிக்குள் இரண்டு மூன்று இனம் கலந்து கிடக்கலாம். அப்படிப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நிறம் பற்றிச் சொன்னீர்கள். அது சாராயத்தின் வேலை. பச்சைத் தவளையை ஜாடியில் போட்டால் சில நாளில் நீலமாகிவிடும், தெரியுமா? பச்சை என்பது மேலே ஒரு மஞ்சள், அடியில் இருந்து சிதறி வரும் நீலம், இரண்டும் சேர்ந்தது. மஞ்சள் சாராயத்தில் கரைந்துவிடும், நீலம் நிற்கும். பின்பு அதுவும் மங்கிப் பழுப்பாகிவிடும். ஆகையால் போட்டோவும் அவசியம்தான். இப்போது யாரும் உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுக்காமல் ஜாடியில் போடுவதில்லை. ஆனால் போட்டோவில் வயிற்றைத் திறந்து என்ன தின்றது என்று பார்க்க முடியாது, பல்லை எண்ண முடியாது, டிஎன்ஏ எடுக்க முடியாது.

டிஎன்ஏ என்றதும் ஒரு வேடிக்கை. இன்றைக்கு ஃபார்மலின் என்ற ரசாயனக் கரைசலில் முதலில் ஊறவைத்து, கழுவி, அப்புறம் எழுபது சதவீத எத்தனாலுக்கு, அதாவது சாராயத்துக்கு, மாற்றுவார்கள். ஃபார்மலின் தசையை இறுக்கிப்பிடித்துக் கெடாமல் வைக்கும், டிஎன்ஏவையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். அதனால் இப்போதெல்லாம் ஈரலில் ஒரு துண்டை முன்கூட்டியே வெட்டித் தனியாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஃபார்மலினுக்குத் தசையை இறுக்கும் குணம் இருக்கிறது என்று ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் கண்டுபிடித்தது 1893இல்தான். பெடோம் காலத்துப் பாம்பெல்லாம் நேராகச் சாராயத்தில் போனவை. ஆகவே 1970இல் பிடித்ததை விட 1870இல் பிடித்ததில் சில சமயம் டிஎன்ஏ நன்றாகக் கிடைத்துவிடும். பெடோமுக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரியாது.

என்னைக் கேட்டால் அந்த ஜாடிகளுக்கு இதுதான் நியாயம். பிடித்தவனுக்குத் தோன்றாத கேள்விக்கும் அது பதில் சொல்லும். இன்னொன்று சொல்கிறேன். 1980களில் உலகம் முழுவதும் தவளைகள் கொத்துக்கொத்தாகக் காணாமல் போயின. கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே மலையில் இருந்த தங்கத் தேரையைக் கடைசியாகப் பார்த்தது 1989இல். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சைக்கு 1999இல்தான் பெயர் வைத்தார்கள். உடனே அடுத்த கேள்வி: இது எப்போது வந்தது, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது? போன தவளையைக் காட்டில் போய்த் தேட முடியாது. அருங்காட்சியக ஜாடிகளைத் திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1938இல் பிடித்து வைத்த தவளை ஒன்றின் தோலிலேயே பூஞ்சை இருந்தது. அப்புறம் 2011இல் கலிபோர்னியாக் குழு ஒன்று பழைய தவளைகளின் தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துத் துடைத்துச் சோதித்து, மெக்சிகோவில் 1970களில் தொடங்கி, குவாத்தமாலா வழியாக மான்டேவெர்டே வரை பூஞ்சை நகர்ந்த பாதையை வருட வரிசையில் போட்டுக் காட்டியது. வருடத்துக்கு ஒரு தவளை இருந்திருந்தால் இது நடக்காது. ஒரே இனம், ஒரே இடம், வருடா வருடம், டஜன் கணக்கில் இருந்ததால்தான் நடந்தது.

மகளின் முதல் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆம், கொன்றவர்கள் நாங்கள்தான். இப்போதும் கொல்கிறோம், முன்பை விட மிகக் குறைவாக, அனுமதி வாங்கி. நானும் செய்திருக்கிறேன். சந்தோஷமாகச் செய்ததில்லை.

ஆனால் எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். நான் பட்டப்படிப்பு படித்த கல்லூரியில் ஒரு விலங்கியல் அறை இருந்தது. பேர் வேண்டாம். அலமாரி நிறையப் பாட்டில். பாதியில் சாராயம் வற்றி, பாம்பு கருவாடாகி அடியில் ஒட்டிக் கிடந்தது. மீதியில் பாம்பு நன்றாக இருந்தது, வெளியே ஒட்டியிருந்த சீட்டை வெள்ளிமீன் பூச்சி தின்றுவிட்டது. தப்பித்த துண்டில் 'பாம்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. பாம்பென்று எனக்கும் தெரியும் ஐயா! எங்கே பிடித்தது, எப்போது, யார் என்பது போய்விட்டால் அது வெறும் பிணம். ஒரு உயிரை எடுத்துவிட்டு அதைச் சீட்டில்லாமல் விடுவதைத்தான் நான் பாவம் என்பேன்.

லண்டனில் நான் எண்ணிய பாம்புகளில் பலவற்றின் எண் 1874.4.29 என்று தொடங்கும். அது எண் மட்டும் இல்லை, தேதி. 1874 ஏப்ரல் 29 அன்று பதிவேட்டில் ஏறியது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவது அன்றைய வரிசை எண். டைப்புகளில் பலவற்றுக்கு 1946 என்று தொடங்கும் இன்னொரு எண்ணும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது டைப்புகளைத் தனியே பிரித்துப் பத்திரப்படுத்தி, முடிந்த பிறகு புது எண் போட்டார்கள். லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் ஆனைமலைப் புழுதின்னிப் பாம்புகளை ஒளித்துவைக்க யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.

ஹாரோவாசி எழுதியது:

மிக்க நன்றி, மண்புழுதின்னி. முழுதும் வாசித்துக் காட்டினேன். தவளை நீலமாகும் இடத்தில் "பொய்" என்றாள். இணையத்தில் படம் தேடிக் காட்டிய பிறகு சமாதானம். கருவாடு என்ற இடத்தில் சிரித்தாள்.

அவளிடம் இருந்து மேலும் இரண்டு கேள்விகள். ஒன்று, அந்தச் சாராயத்தைக் குடிக்க முடியுமா. (இது நான் கேட்கச் சொன்னது இல்லை.) இரண்டு, நம்ம ஊர்ப் பாம்பை எப்போது திருப்பித் தருவார்கள்.

வால்பாறைக்காரன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்காக அந்தக் குழந்தைக்கு ஒரு பாக்கெட் தேன்மிட்டாய் என் கணக்கில்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. எஸ்டேட்டில் வேலை, ராத்திரி மழை விட்டதும் டார்ச் எடுத்துக்கொண்டு தவளை பார்க்கக் கிளம்பும் பைத்தியம். மண்புழுதின்னி அண்ணன் சொல்வது எல்லாம் சரி, ஆனால் அந்தக் கடைசிப் பத்தி தொண்டையில் சிக்குகிறது. நம் மலையில் பிடித்தது. பிடித்துக் கொடுத்த கூலியாட்கள், காடர் பழங்குடியினர் பெயர் எந்தச் சீட்டிலும் கிடையாது. பெடோம் போட்ட இடக்குறிப்போ, மலையின் பேர், கூடிப்போனால் உயரம். 'ஆனைமலை' என்றால் எந்த ஆனைமலை? எங்கள் ஊரில் இருந்து டாப்ஸ்லிப் பக்கமா, மூணாறு பக்கமா? எங்கள் வால்பாறைப் பக்கம் இன்று பெரும்பாலும் தேயிலை. அந்தப் பாம்பைச் சரிபார்க்க எங்கள் கோவை மாணவன் விசா எடுக்க வேண்டும், அங்கே ஹோட்டலுக்குக் காசு வேண்டும். எத்தனை பேரால் முடியும்? பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் ஒரு சொந்தக் கேள்வி. மழைக்காலத்தில் ரோட்டில் வண்டி ஏறிச் செத்த கேடயவால் பாம்புகளை வாரத்துக்கு இரண்டு மூன்று பார்க்கிறேன். வீணாகப் போகிறதே என்று இருக்கிறது. எடுத்து வைத்தால் யாருக்காவது உபயோகமா?

நுவரெலியா மழை எழுதியது:

நான் இலங்கை. இங்கிருந்து ஒரு விஷயம் சொல்லவேண்டும்.

2007ஆம் ஆண்டு இரண்டு மரத்தவளை இனங்களுக்குப் புதிதாகப் பேர் வைத்தார்கள், மாயா, பார்டஸ் என்று. இரண்டும் இலங்கைத் தவளைகள். இரண்டையும் கண்டுபிடித்த இடம் லண்டன் அருங்காட்சியகத்து ஜாடி. ஒன்று 1876க்கு முன்னமும் மற்றது 1858க்கு முன்னமும் பிடிபட்டவை. பேர் வைத்த அன்றைக்கே இரண்டும் அழிந்துபோனவை என்று எழுதவேண்டி வந்தது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் என்று எங்கட மலைக்காட்டை வெட்டினதில், ஆர் எவர் என்று தெரியாமலே போய்விட்டதுகள். அந்த ஜாடி இல்லாவிட்டால் அப்படி ஒன்று இருந்தது என்றே எங்களுக்குத் தெரிந்திராது.

எதிர்மாறாகவும் ஒன்று நடந்தது. 1853இல் கெலார்ட் என்ற மருத்துவர் விவரித்த புள்ளித் தவளை ஒன்று, ஒன்றரை நூற்றாண்டாக எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்று பட்டியலில் போட்டுவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு கண்டார்கள்.

வால்பாறைக்காரன் சொல்லும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஜாடியின் மேல் கோபப்பட எனக்கு மனம் வருகுதில்லை.

மண்புழுதின்னி எழுதியது:

வரிசையாகச் சொல்கிறேன்.

சாராயம்: கூடாது பாப்பா. அங்கே வைத்திருப்பது குடிக்க முடியாதபடி மெத்தனால் கலந்தது. குடித்தால் கண் போகும். அதோடு அதில் நூறு வருடப் பாம்புக் கொழுப்பு வேறு கரைந்திருக்கிறது.

திருப்பித் தருவது: வால்பாறைத் தம்பி, உங்கள் கோபத்தில் எனக்கு மறுப்பு இல்லை, நான் எழுதியதில் அந்தப் பாதி விடுபட்டுவிட்டது. என் பதினோரு நாளும் யாரோ கொடுத்த உதவித்தொகையில்தான் நடந்தது, இல்லாவிட்டால் நானும் போயிருக்க முடியாது. இடக்குறிப்பில் நீங்கள் சொன்ன குழப்பத்தால் ஒரு முழு மழைக்காலத்தை வீணாக்கியவன் நான். திரும்பி வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எந்த அறைக்கு, யார் சாராயம் ஊற்றுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நினைப்பேன். என் கல்லூரி அலமாரி கண்ணில் இருந்து போக மாட்டேன் என்கிறது.

பழைய கதை இனி நடக்காது என்பது மட்டும் ஆறுதல். 2002இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டப்படி இங்கே பிடித்ததை ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டத்தை நடத்தும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் தலைமையகமே சென்னையில்தான். புது இனத்துக்குப் பெயர் வைத்தால் டைப்பை இந்திய விலங்கியல் ஆய்வகம் போல அரசு குறித்துவைத்த காப்பகத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

போகாமலே பார்க்கவும் கொஞ்சம் வழி வந்திருக்கிறது. புளோரிடா அருங்காட்சியகம் முன்னின்று 2017இல் ஒரு திட்டம் தொடங்கி, 13,000க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை சிடி ஸ்கேன் எடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தோலில் கத்தி படாமல் எலும்பை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். தவளை வயிற்றுக்குள் அது தின்றதும் சில சமயம் தெரியும். குழந்தைக்குக் காட்டுங்கள். ஸ்கேனில் நிறமும் டிஎன்ஏவும் வராது, ஆகையால் ஜாடி வேண்டும்தான்.

ரோட்டில் செத்தது: செத்ததாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள், வம்பு. போட்டோ எடுங்கள். மேலே, பக்கவாட்டில், வயிறு, முக்கியமாக வால் நுனி. பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். இடத்தை போனில் குறித்துக்கொள்ளுங்கள், 'வால்பாறை' என்று மட்டும் எழுதிப் பெடோம் வேலை பார்க்காதீர்கள். பக்கத்தில் அனுமதி வைத்திருக்கும் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தால் சொல்லிவையுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். வண்டியில் அடிபட்டதில் பாதி நசுங்கியிருந்தாலும் ஈரல் துண்டு கிடைக்கும். ஒரு பாம்பைக் கொல்வது மிச்சம்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்து புட்டான்டான் நிறுவனத்தில் நூறு வருடம் சேர்த்த பாம்புகள் இருந்தன. விவசாயிகள் பாம்பைப் பிடித்து ரயிலில் அனுப்ப, பதிலுக்கு நிறுவனம் விஷமுறி மருந்து அனுப்பும். அப்படிச் சேர்ந்தது. 2010 மே 15, சனிக்கிழமை, தீப்பிடித்தது. எழுபதாயிரத்துக்கு மேல் பாம்புகள், எல்லாம் சாராயத்தில். எப்படி எரிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். லண்டன் கட்டடத்துக்குள் மகளுக்குக் குளிரியதல்லவா, சாராயம் ஆவியாகாமல் இருக்கத்தான் அந்தக் குளிர்.

ஹாரோவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விசாரணை முடிந்து எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, விடுதலை இல்லை.

இன்று காலை எங்கள் தோட்டத்துக் குட்டையில் ஒரு தவளை செத்து மிதந்தது. சாதாரண இங்கிலீஷ் தவளை. புதைக்கலாம் என்றேன். அதற்குள் ஒரு காகிதத்தைக் கத்தரித்து, 'ஹாரோ, பின் தோட்டம், குட்டையின் வேலிப் பக்க ஓரம், காலை 8.10' என்று எழுதி, பிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டாள். என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன், நீங்கள் பிடிக்கவில்லையே என்கிறாள். இப்போது அவளுக்கு ஒரு சந்தேகம்: சீட்டில் எழுதுவது பேனாவிலா, பென்சிலிலா?

மண்புழுதின்னி எழுதியது:

பென்சில். சாதாரணப் பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். தேதியை விட்டுவிட்டாள், போடச் சொல்லுங்கள். வருடத்தோடு.